கேட்டால் தப்பில்லை: ஏஐ சாட்பாட் ஸ்பெஷல்

போன இதழில் ஒரு வாசகி கேட்டாரே என்று சாட்ஜிபிடி பற்றி இரண்டு வரி எழுதினேன். அதற்கு இவ்வளவு கடிதமும் வாட்ஸ்அப்பும் வந்து குவியும் என்று யார் கண்டது! பிரிண்டர், பென்டிரைவ் கேள்வி அனுப்பியவர்கள் அடுத்த இதழ் வரை பொறுத்துக்கொள்ளுங்கள். புதிதாகப் படிப்பவர்களுக்காக: தஞ்சாவூரில் கோர்ட் பக்கம் ஜாப் டைப்பிங், டிடிபி கடை நடத்துகிறேன். பின்பக்கத்து அறையில் தம்பி கம்ப்யூட்டர் சர்வீஸ் பார்க்கிறான். இங்கே எழுதுவதில் பாதி அந்த இரண்டு மேஜைகளில் பார்த்தது, மீதி படித்தது.

கே: சாட்ஜிபிடி, ஜெமினி, கிளாட், கோபைலட், மெட்டா ஏஐ என்று ஆளுக்கொன்று சொல்கிறார்கள். பேரன் ஒன்றைச் சிபாரிசு செய்கிறான், மருமகன் வேறொன்றை. எது நல்லது என்று ஒரே வார்த்தையில் சொல்லம்மா.
- ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், தென்காசி

ப: ஒரே வார்த்தையில் சொன்னால் இதழ் கடைக்கு வருவதற்குள் பொய்யாகிவிடும் ஐயா. 2022 நவம்பர் 30-ல் சாட்ஜிபிடி வந்ததிலிருந்து இந்தக் கம்பெனிகள் மாற்றி மாற்றிப் புது மாடல் விட்டுக்கொண்டே இருக்கின்றன. போன பருவத்தில் முதல் ரேங்க் வாங்கியது இந்தப் பருவத்தில் மூன்றாவது.

கடைக்கு வந்து இதே கேள்வியைக் கேட்பவர்களிடம் நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான். அதனிடம் எதைக் கொடுக்கப் போகிறீர்கள்? ஊருக்கே தெரிந்த விஷயமா, வீட்டுப் பீரோவில் இருக்க வேண்டிய விஷயமா? பதில் தப்பாக வந்தால் யாருக்கு நஷ்டம்? இதைச் சொல்லிவிட்டால் எந்த சாட்பாட் என்பது பாதி முடிவாகிவிடும்.

உங்களுக்குப் பேச்சுத்துணைக்கும் நாலு விஷயம் தெரிந்துகொள்ளவும் என்றால் காசு கொடுத்து எதுவும் வாங்க வேண்டாம். ஆண்ட்ராய்டு போனில் ஜெமினி பெரும்பாலும் ஏற்கெனவே இருக்கும். வாட்ஸ்அப்பில் தெரியும் அந்த வளையம் மெட்டா ஏஐ. பேரனுடைய லேப்டாப்பில் புது விண்டோஸ் என்றால் கோபைலட். மூன்றும் நாம் கூப்பிடாமலே வந்து திண்ணையில் உட்கார்ந்தவை.

எது உங்களுக்குச் சரிப்படும் என்று பார்க்க, பரீட்சை நீங்களே வையுங்கள். வினாத்தாள் தயாரிப்பது உங்களுக்குப் புதிதா என்ன? உங்களுக்கு நன்றாகத் தெரிந்த விஷயத்தில் மட்டும் கேளுங்கள். தென்காசிக் கோயிலைக் கட்டியது யார் என்றால் பராக்கிரம பாண்டியன் என்று எல்லா சாட்பாட்டும் சரியாகச் சொல்லும். அடுத்து, உங்கள் தெரு முனையில் இருக்கும் மண்டபத்தைப் பற்றிக் கேளுங்கள். ‘எனக்குத் தெரியாது’ என்று சொல்கிறதா, அல்லது அதே குரலில், அதே உறுதியோடு, ஒரு ராஜாவையும் ஒரு ஆண்டையும் சேர்த்துக் கதை கட்டுகிறதா? அதற்குத்தான் மார்க். இது எங்கோ இருக்கும் ஏட்டைப் பார்த்துப் படிக்கிற இயந்திரம் இல்லை. முன்னால் வந்த சொற்களுக்கு அடுத்து எது வந்தால் பொருந்தும் என்று கணித்துக்கொண்டே போவது. நிறையப் பேர் எழுதிய விஷயம் என்றால் கணிப்பு சரியாக விழும். யாருமே எழுதாத உங்கள் தெரு மண்டபத்துக்கும் கணிப்பு நிற்காது. இணையத்தில் தேடி லிங்க் காட்டும் வசதி இப்போது பலவற்றில் உண்டு. அந்த லிங்க்கைத் தொட்டு உள்ளே போய்ப் பாருங்கள், சொன்னது அங்கே இருக்கிறதா என்று.

கே: சாட்பாட்டுக்கு ‘ப்ளீஸ்’, ‘நன்றி’ எல்லாம் சொல்ல வேண்டுமா அக்கா?
- கல்லூரி மாணவி, பெரம்பலூர்

ப: வேண்டாம், சொன்னாலும் குற்றமில்லை. மக்கள் இப்படி மரியாதை காட்டுவதால் மின்சாரச் செலவு எவ்வளவு ஆகிறது என்று 2025 ஏப்ரலில் ஒருவர் கேட்டதற்கு, சாட்ஜிபிடியைத் தயாரிக்கும் ஓபன்ஏஐ கம்பெனியின் தலைவர் சாம் ஆல்ட்மன், கோடிக்கணக்கான டாலர், ஆனாலும் நல்ல செலவுதான் என்று பதில் போட்டார். அவரே கவலைப்படவில்லை.

கே: நான் ஜூனியர் வக்கீல். பிராது, அஃபிடவிட், பழைய பத்திரங்கள் எல்லாம் சுருக்கி எழுத ஏஐ உதவினால் நன்றாக இருக்கும். ஆனால் கட்சிக்காரர் விவரத்தை இணையத்தில் ஏற்றக் கூடாது என்று சீனியர் கறாராகச் சொல்லிவிட்டார். நம் கம்ப்யூட்டரிலேயே ஓட்டலாம் என்கிறார்களே, உண்மையா? என்னுடையது 8 ஜிபி ரேம் லேப்டாப், கிராபிக்ஸ் கார்டு கிடையாது.
- ஒரு வாசகர், நாகர்கோவில்

ப: உண்மை. உங்கள் சீனியர் சொல்வதும் நியாயம். 2023-ல் சாம்சங் கம்பெனி ஊழியர்கள் ரகசிய புரோகிராம் வரிகளை சாட்ஜிபிடியில் ஒட்டிவிட்டு, பிறகு கம்பெனியே அதைத் தடை செய்தது. 2025 ஜனவரியில் நம் நிதி அமைச்சகமும், அலுவலகக் கம்ப்யூட்டரில் சாட்ஜிபிடி, சீனத்து டீப்சீக் போன்றவற்றைத் தொடாதீர்கள் என்று ஊழியர்களுக்குச் சுற்றறிக்கை விட்டது. கட்சிக்காரர் நம்மை நம்பிக் கொடுக்கும் காகிதம் அதைவிட எந்த விதத்தில் இளப்பம்?

நம் கம்ப்யூட்டரில் ஓட்ட இரண்டு விஷயம் வேண்டும். ஓட்டுகிற மென்பொருள் ஒன்று, மாடல் ஒன்று. மென்பொருளுக்கு எல்எம் ஸ்டுடியோ, ஒல்லாமா இரண்டும் பிரபலம், இரண்டும் இலவசம். கறுப்புத் திரையில் கட்டளை அடித்துப் பழக்கமில்லை என்றால் எல்எம் ஸ்டுடியோ போட்டுக்கொள்ளுங்கள். மாடல் என்பது பதில் சொல்லும் மூளை, ஒரு பெரிய ஃபைல், ஒரு தடவை இறக்கினால் போதும். கூகுளின் ஜெம்மா, மெட்டாவின் லாமா, அலிபாபாவின் குவென், பிரான்ஸ் நாட்டு மிஸ்ட்ரல் எல்லாம் இப்படி வெளியே கிடைக்கின்றன. ஓபன்ஏஐ-யும் 2025 ஆகஸ்டில் ஜிபிடி-ஓஎஸ்எஸ் என்று இரண்டு மாடல்களைத் திறந்துவிட்டது.

பெயருக்குப் பக்கத்தில் 4பி, 8பி, 12பி என்று போட்டிருப்பதுதான் அளவு. பி என்றால் பில்லியன், அதாவது நூறு கோடி. அத்தனை எண்கள் அந்த மாடலுக்குள் இருக்கின்றன. அந்த எண்களை 4 பிட்டாகச் சுருக்கி வைத்ததைத்தான் வீட்டுக் கம்ப்யூட்டரில் ஓட்டுவோம். அப்படிச் சுருக்கிய ஜெம்மா 3-ல் 4பி மாடல் 3.3 ஜிபி, 12பி மாடல் 8 ஜிபி சொச்சம், 27பி மாடல் 17 ஜிபி. லாமா 3.1-ல் 8பி என்பது ஏறத்தாழ 5 ஜிபி. ஃபைல் முழுக்க ரேமுக்குள் வந்து உட்கார வேண்டும், விண்டோஸும் குரோமும் தங்கள் பங்கை ஏற்கெனவே எடுத்திருக்கும். ஆகவே உங்கள் 8 ஜிபியில் 4பிதான் மரியாதையாக ஓடும். 8பியை ஏற்றினால் ஹார்ட் டிஸ்க் விளக்கு அணையாமல் எரியும், மவுஸ் நகராது.

இனிமேல் சொல்வது தம்பியின் பாடம், பெரும்பாலான யூடியூப் வீடியோக்களில் இதை விட்டுவிடுவார்கள். ரேம் எத்தனை ஜிபி என்பதோடு, எத்தனை ஸ்டிக்காகப் போட்டிருக்கிறது என்பதும் முக்கியம். மாடல் ஒவ்வொரு டோக்கனை, அதாவது ஒவ்வொரு சொல்துண்டை வெளியே விடும்போதும் பெரும்பாலும் தன் மொத்த எண்களையும் ரேமிலிருந்து ஒரு முறை படிக்கிறது. 5 ஜிபி மாடல் என்றால் ஒரு துண்டுக்கு 5 ஜிபி படிப்பு. டிடிஆர்4-3200 ரேம் ஒரே ஸ்டிக்காக இருந்தால் விநாடிக்கு அதிகபட்சம் 25.6 ஜிபிதான் தரும். ஆக எப்படிப் பார்த்தாலும் விநாடிக்கு ஐந்து துண்டைத் தாண்டாது. அதே ரேமை இரண்டு ஸ்டிக்காகப் பிரித்துப் போட்டால் 51.2 ஜிபி, வேகம் கிட்டத்தட்ட இரட்டிப்பு. லேப்டாப்பின் அடிமூடியைக் கழற்றிப் பாருங்கள், பக்கத்திலேயே காலியாக ஒரு ஸ்லாட் இருந்தால் உங்களுக்கு அதிர்ஷ்டம். ஏற்கெனவே இருப்பதன் அதே வேகத்தில் ஒரு 8 ஜிபி ஸ்டிக் வாங்கிப் போடுங்கள். அளவும் கூடும், வேகமும் கூடும், 8பி மாடலும் ஓடும். சில மெல்லிய லேப்டாப்களில் ரேமை போர்டிலேயே பற்றவைத்துவிடுகிறார்கள். அதில் எந்த மெக்கானிக்காலும் ஒன்றும் செய்ய முடியாது, வாங்கும்போதே கேட்டுக்கொள்ள வேண்டும்.

டெஸ்க்டாப் இருந்தால் பழைய ஆர்டிஎக்ஸ் 3060 கிராபிக்ஸ் கார்டு, அதிலும் 12 ஜிபி உள்ளது, தேடிப் பிடிக்கலாம். அதன் மெமரி விநாடிக்கு 360 ஜிபி தரும். வித்தியாசம் கண்ணுக்கே தெரியும்.

அடுத்து மூன்று பொறிகள் இருக்கின்றன. ஒல்லாமாவில் இப்போது சில மாடல்களின் பெயர் முடிவில் கிளவுட் என்று இருக்கும். அது உங்கள் கம்ப்யூட்டரில் ஓடாது, கேள்வி வெளியே போய்த்தான் பதில் வரும். சந்தேகமாக இருந்தால் வைஃபையை அணைத்துவிட்டுக் கேளுங்கள், பதில் வந்தால் உள்ளூர்.

இரண்டாவது, ‘டீப்சீக்கை என் லேப்டாப்பில் ஓட்டினேன்’ என்கிற வீடியோ. 2025 ஜனவரியில் வந்த அசல் டீப்சீக் ஆர்1 மாடல் 671பி, சுருக்கிய பிறகும் 400 ஜிபிக்கு மேல். லேப்டாப்பில் ஓடுவது குவென், லாமா போன்ற சின்ன மாடல்களுக்கு ஆர்1-இன் பதில்களைக் கொடுத்துப் பழக்கிய வடிவம். மோசமில்லை, ஆனால் பெயரைப் பார்த்து மயங்க வேண்டாம். டீப்சீக்கின் ஆன்லைன் ஆப் வேறு சமாச்சாரம். நாம் தட்டுவது சீனாவில் உள்ள சர்வரில் சேமிக்கப்படும் என்று அவர்களே தங்கள் தனியுரிமைக் கொள்கையில் எழுதியிருக்கிறார்கள்.

மூன்றாவதுதான் வக்கீல்களைக் கவிழ்க்கும். இந்த மென்பொருள்கள் ஒரே நேரத்தில் மாடல் எவ்வளவு படிக்கலாம் என்பதை, ரேமை மிச்சப்படுத்துவதற்காக, பல சமயம் 4096 டோக்கன் என்று குறைவாக வைத்திருக்கும். நாற்பது பக்கப் பத்திரத்தை ஒட்டினால் அதில் ஒரு பகுதிதான் மாடலின் கண்ணில் படும். மீதியைப் பார்க்கவில்லை என்று அதற்கே தெரியாது. முழுவதையும் படித்த மாதிரி சுருக்கம் கொடுக்கும். செட்டிங்கில் கான்டெக்ஸ்ட் லெங்த் என்று இருப்பதைக் கூட்டுங்கள், அல்லது பத்திரத்தைப் பகுதி பகுதியாகக் கொடுங்கள். கடைசிப் பக்கத்துச் சொத்து விவரத்தில் நான்கெல்லை என்ன என்று ஒரு கேள்வி கேட்டால், படித்ததா இல்லையா என்று தெரிந்துவிடும்.

முன்தீர்ப்புகளை மட்டும் எந்த மாடலிடமும் கேட்டு வாங்கி மனுவில் போடாதீர்கள். 2023-ல் நியூயார்க்கில் இரண்டு வக்கீல்கள், சாட்ஜிபிடி தானாகக் கற்பனை செய்த வழக்குகளை மேற்கோள் காட்டி, நீதிபதியிடம் மாட்டி, 5,000 டாலர் அபராதம் கட்டினார்கள். அதில் ஒருவர், ‘இந்த வழக்கு நிஜமா?’ என்று அதனிடமே கேட்டிருக்கிறார். நிஜம்தான் என்று அதுவும் சொல்லியிருக்கிறது.

கே: ஆங்கிலத்தில் கேட்டால் பிரமாதமாகப் பதில் சொல்கிறது, தமிழில் கேட்டால் தடுமாறுகிறது. தாசில்தாருக்கு ஒரு மனு எழுதச் சொன்னேன், படிக்க முடியவில்லை. ஆங்கிலத்தில்தான் கேட்க வேண்டுமா?
- விவசாயி, திருத்துறைப்பூண்டி

ப: முன்னைக்கு இப்போது எவ்வளவோ தேவலை. தடுமாற்றத்துக்கு ஒரு காரணம், இணையத்தில் தமிழில் எழுதியிருப்பது ஆங்கிலத்தோடு ஒப்பிட்டால் கொஞ்சம். இன்னொன்று, பாட் நம் எழுத்தை அப்படியே படிக்காமல் டோக்கன்களாக வெட்டித்தான் படிக்கிறது. ஆங்கிலச் சொல் பெரும்பாலும் முழுசாக ஒரே துண்டாகப் போய்விடும். தமிழ்ச் சொல்லை எழுத்து எழுத்தாக, சில சமயம் எழுத்துக்கும் கீழே, நறுக்கிக்கொண்டிருந்தார்கள். 2024 மே மாதம் ஜிபிடி-4ஓ வந்தபோது ஓபன்ஏஐ காட்டிய உதாரணத்திலேயே, முன்பு 116 துண்டாக வெட்டப்பட்ட ஒரு தமிழ்ப் பத்தி 35 துண்டாகக் குறைந்திருந்தது. அதனால் பதில் சீக்கிரம் வருகிறது, நீளமான தமிழும் உள்ளே கொள்கிறது.

ஆகவே ஆன்லைனில் இருக்கும் பெரிய பாட்களிடம் தாராளமாகத் தமிழிலேயே கேளுங்கள். பேசுகிற மாதிரியே தட்டலாம், தமிழை ஆங்கில எழுத்தில் அடித்தாலும் புரிந்துகொள்ளும். மைக்கை அமுக்கிப் பேசினால் இன்னும் சுலபம். ஆனால் மேலே நாகர்கோவில்காரருக்குச் சொன்ன 4பி, 8பி சின்ன மாடல்களிடம் தமிழில் பெரிதாக எதிர்பார்க்க வேண்டாம். ஜெம்மா ஓரளவு தாக்குப்பிடிக்கும். மற்றவை பல சமயம் நாலாவது வரியில் ஒரே சொல்லைத் திருப்பித் திருப்பிச் சொல்ல ஆரம்பித்துவிடும். நம் மொழிகளுக்கென்றே பெங்களூரு சர்வம் நிறுவனம் மாடல்கள் விட்டிருக்கிறது. சென்னை ஐஐடியின் ஏஐ4பாரத் குழுவும் பல வருடமாக இதே வேலையில் இருக்கிறது.

மனுவுக்கு வருவோம். ‘தாசில்தாருக்கு மனு எழுது’ என்று மொட்டையாகச் சொன்னால், வெள்ளைக்காரர் தன் மாமாவுக்கு எழுதுகிற மாதிரி, ‘தாங்கள் நலமுடன் இருப்பீர்கள் என நம்புகிறேன்’ என்று ஆரம்பித்து, ‘உங்கள் உடனடிப் பதிலை ஆவலுடன் எதிர்நோக்குகிறேன்’ என்று முடிக்கும். நம் ஆபீஸ் வழக்கம் அதற்கு நாம்தான் காட்ட வேண்டும். வீட்டில் பழைய மனு நகல் ஏதாவது கிடக்கும். அதில் பெயர், சர்வே எண்ணை நீக்கிவிட்டு அப்படியே தட்டிக் கொடுங்கள். பிறகு இந்த மாதிரி சொல்லுங்கள்:

‘மேலே இருப்பது மாதிரி மனு. இதே அமைப்பில், அனுப்புநர், பெறுநர், பொருள், பார்வை போட்டு, ஒரு பக்கத்துக்குள் எழுது. தமிழ்நாடு வருவாய்த் துறைக்குப் போகிற மனு. விஷயம்: என் அப்பா இறந்துவிட்டார், வாரிசுச் சான்று வாங்கிவிட்டோம், பட்டாவில் எங்கள் மூன்று பேர் பெயரும் சேர வேண்டும். நான் சொல்லாத எந்தத் தேதியும், சட்டப் பிரிவும், எண்ணும் நீயாகச் சேர்க்காதே. தெரியாத இடத்தில் கோடு போட்டு விடு.’

கடைசி இரண்டு வாக்கியம் இல்லாவிட்டால், அதுவே ஒரு அரசாணை எண்ணைத் தயாரித்துப் பார்வையில் போட்டுவிடும். தமிழ்நாடு என்று சொல்லுவதும் அவசியம். சொல்லாவிட்டால் கர்நாடகத்தில் சொத்துக் கணக்கான கத்தாவை மாற்ற வழி சொல்லும், அல்லது வடக்கத்தியர் சர்வே எண்ணுக்குச் சொல்லும் கஸ்ரா எண்ணைக் கேட்கும். எழுத்து வேலைக்கு அதை வைத்துக்கொள்ளுங்கள். என்னென்ன ஆவணம், எவ்வளவு கட்டணம் என்பதை இ-சேவை மையத்தில் கேளுங்கள்.

கே: பாமினியில் தட்டிய பழைய சங்க மலர்கள் நிறைய இருக்கின்றன. அவற்றை ஏஐயிடம் கொடுத்தால் ஏதேதோ உளறுகிறது. ஏன்?
- அச்சக ஊழியர், யாழ்ப்பாணம்

ப: பாமினி, வானவில் போன்ற பழைய எழுத்துருக்களில் நாம் பார்ப்பது மட்டும்தான் தமிழ், உள்ளே கிடப்பது ஆங்கில எழுத்து. பாமினியில் ‘அம்மா’ என்று தட்டியிருந்தால், சாட்பாட்டுக்குப் போய்ச் சேர்வது எம், கே, அரைப்புள்ளி, கே, எச். அதுவும் பாவம் என்ன செய்யும்? முதலில் யூனிகோடுக்கு மாற்றுங்கள், என்எச்எம் கன்வெர்ட்டர் போன்ற இலவச மாற்றிகள் இருக்கின்றன. சில பெரிய பாட்கள் பாமினியை நேரடியாகவே மாற்றித் தருகிறேன் என்று முன்வரும், தரவும் செய்யும். நம்பாதீர்கள். புரியாத சொல் வரும்போது அதுவாக ஒரு சொல்லை நிரப்பிவிடும், வாசித்தால் பிழையே தெரியாது. சங்க மலர் என்றால் ஆட்கள் பெயர் நிறைய இருக்கும். மாற்றி மென்பொருள் எழுத்துக்கு எழுத்து மாற்றுமே தவிர யார் பெயரையும் திருத்தாது. மாற்றிய பிறகு பிழை பார்க்க ஏஐயைக் கூப்பிடலாம்.

கே: அப்பாவின் ஸ்கேன் ரிப்போர்ட்டை போட்டோ எடுத்து சாட்ஜிபிடியில் போடலாமா? டாக்டர் இரண்டு நிமிடத்தில் அனுப்பிவிட்டார், ஒன்றுமே விளங்கவில்லை.
- ஒரு வாசகி, கோவில்பட்டி

ப: போடலாம், தலைப்பகுதியை வெட்டிவிட்டு. பெயர், வயது, போன் நம்பர், ஆஸ்பத்திரி எண் எல்லாம் மேலேதான் இருக்கும். போனிலேயே கிராப் செய்தால் போய்விடும்.

சாட்ஜிபிடி செட்டிங்கில் டேட்டா கன்ட்ரோல்ஸ் என்ற பகுதிக்குப் போய், நம் உரையாடலை மாடலைப் பழக்கப் பயன்படுத்தும் அனுமதியை அணைத்துவிடுங்கள். டெம்பரரி சாட் என்று ஒன்று இருக்கிறது, அது வரலாற்றில் தங்காது. ஆனாலும் 30 நாள் வரை அவர்கள் பக்கம் ஒரு நகல் இருக்கலாம். ஜெமினியில் சில உரையாடல்களை ஆட்கள் உட்கார்ந்து படித்துப் பார்ப்பார்கள் என்றும், அப்படிப் பார்த்தவை மூன்று வருடம் வரை இருக்கலாம் என்றும் கூகுளே எழுதி வைத்திருக்கிறது. உரையாடலை லிங்க்காக உறவினர்களுக்கு அனுப்பவும் வேண்டாம். 2025 நடுவில் அப்படிப் பகிர்ந்த சாட்ஜிபிடி உரையாடல்கள் பல கூகுள் தேடலில் ஊர் பார்க்க வந்து நின்றன. பிறகுதான் தேடலில் தெரியவிடும் அந்த வசதியை அவசரமாக எடுத்தார்கள்.

இனி என்ன கேட்பது? ‘இந்த ரிப்போர்ட்டில் உள்ள ஒவ்வொரு வரியையும் எளிய தமிழில் சொல், அடுத்த முறை டாக்டரிடம் நான் கேட்க வேண்டிய ஐந்து கேள்விகளை எழுதிக் கொடு’ என்று கேளுங்கள். காகிதத்தில் எழுதி எடுத்துக்கொண்டு போங்கள். கையில் கேள்வித்தாளோடு உட்காரும் ஆளுக்கு டாக்டர் இரண்டு நிமிடத்துக்கு மேல் தந்தே ஆக வேண்டும். மருந்தை நிறுத்தவும் மாற்றவும் மட்டும் அதன் பேச்சைக் கேட்கக் கூடாது. அமெரிக்காவில் 60 வயது மனிதர் ஒருவர் சாப்பாட்டு உப்பைக் குறைக்க நினைத்து, சாட்ஜிபிடியிடம் விசாரித்துவிட்டு, மூன்று மாதம் சோடியம் புரோமைடைச் சேர்த்துக்கொண்டார். புரோமைடு நஞ்சேறி, பக்கத்து வீட்டுக்காரர் தனக்கு விஷம் வைக்கிறார் என்று பிரமை பிடித்து ஆஸ்பத்திரியில் சேர்ந்தார். 2025-ல் மருத்துவ இதழிலேயே வந்த செய்தி இது.

கே: பிளே ஸ்டோரில் சாட்ஜிபிடி என்று தேடினால் ஒரே மாதிரி ஐகானோடு வரிசையாக வருகிறது. ஒன்றைப் போட்டேன், மூன்றாம் நாளே பணம் கேட்கிறது.
- தையற்கலைஞர், ஆம்பூர்

ப: அது வேறு யாரோ கட்டிய கடை, போர்டு மட்டும் அவர்கள் மாதிரி. ஆப் பெயருக்குக் கீழே சின்ன எழுத்தில் தயாரித்தவர் பெயர் இருக்கும். சாட்ஜிபிடிக்கு ஓபன்ஏஐ, ஜெமினிக்கு கூகுள், கிளாடுக்கு ஆந்த்ரோபிக், கோபைலட்டுக்கு மைக்ரோசாஃப்ட். வேறு பெயர் இருந்தால் தொடாதீர்கள். முக்கியமாக, ஆப்பை அழித்தால் சந்தா நிற்காது. பிளே ஸ்டோரில் உங்கள் படத்தைத் தொட்டு, சப்ஸ்கிரிப்ஷன்ஸ் பகுதியில் போய் ரத்து செய்யுங்கள். ஜிபே, போன்பேயிலும் ஆட்டோபே பட்டியலை ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

கே: மாதம் 399 ரூபாய் திட்டத்தை ஒரு வருடம் இலவசமாகத் தருகிறார்களே, சிம் கார்டோடு இன்னொன்று வருகிறதே, எடுத்துக்கொள்ளலாமா? இதில் அவர்களுக்கு என்ன லாபம்?
- பொறியியல் மாணவர், திருச்செங்கோடு

ப: 2025-ல் ஒரு ஏலமே நடந்தது. ஜூலையில் ஏர்டெல் வாடிக்கையாளர்களுக்கு, இணையத்தில் தேடிப் பதில் சொல்லும் பெர்பிளெக்சிட்டி ஏஐயின் புரோ ஒரு வருடம், அக்டோபர் கடைசியில் ஜியோக்காரர்களுக்கு ஜெமினி புரோ 18 மாதம், நவம்பர் 4 முதல் 399 ரூபாய் சாட்ஜிபிடி கோ ஒரு வருடம். இவையெல்லாம் காலக்கெடு உள்ள சலுகைகள், இப்போது என்ன நிலைமை என்று அந்தந்தக் கம்பெனித் தளத்திலேயே பார்த்துக்கொள்ளுங்கள். லாபம் என்ன என்றால், நீங்கள்தான் தம்பி. ஒரு வருடம் பழகிய கை வேறொன்றுக்கு மாறாது என்பது அவர்கள் கணக்கு.

எடுத்துக்கொள்ளுங்கள். ஆனால் சேரும்போது கார்டோ யூபிஐயோ கேட்டால், சலுகை முடிவதற்கு ஒரு வாரம் முன்பாக போன் காலண்டரில் நினைவூட்டல் வைத்துவிட்டுப் பிறகு கொடுங்கள். காசு கொடுத்து வாங்குவதாக இருந்தால், இலவசத்தின் வரம்பில் தினமும் முட்டிக்கொண்டு நிற்கிறீர்களா என்று பாருங்கள். வாரத்துக்கு நான்கு கேள்வி கேட்பவருக்கு இலவசமே யதேஷ்டம். புரோகிராம் எழுதுகிற மாணவர் என்றால் ஒரு மாதம் கிளாட், ஒரு மாதம் சாட்ஜிபிடி என்று மாதச் சந்தாவில் போட்டுப் பார்த்துவிட்டு முடிவு செய்யலாம். வருடச் சந்தாவில் தள்ளுபடி என்று சொல்வார்கள். இந்தத் துறையில் ஒரு வருடம் என்பது ரொம்பத் தூரம், மாதமாகவே கட்டுங்கள்.

கே: பிரின்ட் எடுக்க வந்தால்கூட ஏஐ பற்றியே பேசுகிறீர்களாமே! அது வந்தால் உங்கள் டைப்பிங் கடைக்கே ஆபத்தில்லையா?
- உங்கள் பழைய வாடிக்கையாளர், திருவையாறு

ப: யார் என்று கையெழுத்திலேயே தெரிந்துவிட்டது சார். பயோடேட்டாவும் இங்கிலீஷ் லீவ் லெட்டரும் போய்விட்டன. அதில் வருத்தமில்லை, ஒரு பக்கத்துக்கு ஐந்து திருத்தம் சொல்லுவார்கள். பதிலுக்குப் புது வேலை ஒன்று வந்திருக்கிறது. ஏஐ எழுதிய கட்டுரையை வாட்ஸ்அப்பில் அனுப்பி அப்படியே பிரின்ட் போடச் சொல்கிறார்கள். தலைப்புக்கு முன்னால் வேலிக்குறி (#), தடித்த எழுத்து வர வேண்டிய இடத்தில் எல்லாம் இரண்டு இரண்டு நட்சத்திரம், அட்டவணை வர வேண்டிய இடத்தில் செங்குத்துக் கோடுகள், கடைசியில் ‘இதை இன்னும் சுருக்கித் தரட்டுமா?’ என்று அந்த சாட்பாட்டின் கேள்வியும் அப்படியே. போன வாரம் ஒரு காதணி விழா பத்திரிகை வந்தது. தாய்மாமன் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் சதுர அடைப்புக்குள் ‘உங்கள் பெயரை இங்கே எழுதவும்’ என்று இருந்தது. நல்ல வேளை, ஐந்நூறு காப்பி ஓட்டுவதற்கு முன்னால் கண்ணில் பட்டது. நட்சத்திரம் பொறுக்க பக்கத்துக்குப் பத்து ரூபாய், தாய்மாமனைத் தேடிப் போடுவதற்குத் தனி.